யூசா: கடலுக்கும் எரிமலைக்கும் நடுவே இரண்டு நாள்

நீங்கள் கேட்டது இது: டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா எல்லாம் முந்தைய பயணத்தில் பார்த்தாயிற்று. இந்த முறை கடலும் மலையும் அருகருகே இருக்கும் ஒரு சின்ன ஊருக்குப் போக ஆசை. யாரோ யமகாட்டா மாநிலத்து யூசாவைச் சொன்னார்கள். தேடிப் பார்த்தால் பெரிய கோயிலும் இல்லை, கோட்டையும் இல்லை. ஜூனிலோ அக்டோபரிலோ இரண்டு நாள் அங்கே செலவிடுவது சரியா? ஜப்பானிய மொழி தெரியாமல் சமாளிக்க முடியுமா? மனைவி சைவம், அவருக்குச் சாப்பாடு கிடைக்குமா? கார் வேண்டுமா? நான் புரிந்துகொண்டபடி, இவற்றுக்கு அடியில் இருக்கிற உண்மையான கேள்வி, “பார்க்க எதுவும் இல்லாத ஊரில் போய் என்ன செய்வது?” என்பதுதான். அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். ரயிலும் சாப்பாடும் பின்னால் வரும்.

நான் படித்தது நிலத்தடி நீரியல். வேலை காரணமாக யூசாவைச் சுற்றியுள்ள ஷோனாய் சமவெளியில் பல ஆண்டுகள் அலைந்திருக்கிறேன். அதனால் தண்ணீர் பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். விடுதி, சாப்பாடு, மலையேற்றம் பற்றிச் சொல்வது பழக்கத்தில் தெரிந்தது மட்டுமே. அவற்றை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

யூசாவில் ஏறக்குறைய 13,000 பேர் வசிக்கிறார்கள். யமகாட்டாவின் வடமேற்கு மூலை அது. மேற்கே ஜப்பான் கடல், வடகிழக்கே 2,236 மீட்டர் உயரமுள்ள சோகாய் எரிமலை. உச்சியிலிருந்து கடலுக்கு நேர்கோட்டில் பதினைந்து, பதினாறு கிலோமீட்டர்தான். இந்தக் குறுகிய தூரத்தில்தான் ஊரின் கதை முழுவதும் இருக்கிறது. குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வரும் காற்று, வெதுவெதுப்பான ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை வாரிக்கொள்கிறது. கடலைத் தாண்டியதும் எதிரே சட்டென்று எழுந்து நிற்கிற மலையில் மோதி, அத்தனையையும் பனியாகக் கொட்டிவிடுகிறது. பள்ளங்களில் சேர்ந்த பனி கோடையிலும் உருகித் தீராது. உருகும் நீரில் பெரும்பகுதி ஆறாக ஓடுவதும் இல்லை. சோகாய் பல முறை எரிமலைக் குழம்பைக் கக்கி அடுக்கடுக்காக வளர்ந்த மலை. ஆறி இறுகிய குழம்பில் எங்கே பார்த்தாலும் வெடிப்பும் துளையும்தான். தண்ணீர் அதற்குள் இறங்கி, இருட்டில் நடந்து, அந்தக் குழம்புப் படிவு எங்கே முடிகிறதோ அங்கே ஊற்றாக வெளியே வருகிறது. சில படிவுகள் வயலோரத்தில் முடிகின்றன, சில கடலுக்குள்ளேயே இறங்கி முடிகின்றன.

ஆகவே யூசாவுக்குப் போனால் தண்ணீரின் பின்னாலேயே நடங்கள். இதுதான் என் ஒரே ஆலோசனை. இடங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் அடித்தால் அரை நாளில் ஊர் முடிந்துவிடும், ஏமாற்றத்தோடு திரும்புவீர்கள். மலையில் விழுந்த பனி எப்படிக் கடல் வரைக்கும் போகிறது என்று பார்த்துக்கொண்டே போனால் இரண்டு நாள் போதாது.

யூசாவைச் சேர்ந்த ஃபுகுரா ரயில் நிலையத்தில் இறங்குங்கள். அங்கிருந்து அரை மணி நேர நடையில் மருயிகே என்ற குளம் இருக்கிறது. குறுக்களவு சுமார் 20 மீட்டர், ஆழம் மூன்றரை மீட்டர், அவ்வளவுதான். ஆனால் அதற்குள் எந்த ஓடையும் வந்து சேர்வதில்லை. அடியிலிருந்து ஊறும் நீர் மட்டுமே அதை நிரப்புகிறது. சுற்றிலும் வெட்டப்படாத பழைய காடு. நீர் மரகதப் பச்சையாகவும், வெயில் சாயும் கோணத்தைப் பொறுத்து நீலமாகவும் தெரியும். விழுந்து கிடக்கும் மரங்கள் அடியில் அப்படியே தெரியும், அவற்றுக்கு நடுவே மணலைக் கிளப்பிக்கொண்டு ஊற்று வாய்கள் கொப்பளிக்கும். ஊர்க்காரர்களுக்கு அந்தக் குளமே தெய்வம். கமகுரா கோங்கோரோ காகெமாசா என்ற வீரன் அம்பு தைத்த கண்ணை அதில் கழுவினான், அதனால் அங்கே உள்ள மீன்களுக்கு ஒற்றைக் கண் என்று ஒரு கதை உண்டு. காசு எறியாதீர்கள், கையை நனைக்காதீர்கள். வேலி, காவல் என்று பெரிதாக எதுவும் இருக்காது. வருகிறவர்கள் மேல் ஊர் வைத்திருக்கும் நம்பிக்கைதான் காவல்.

குளத்துக்குப் பக்கத்திலேயே உஷிவதாரி ஆறு ஓடுகிறது. இதுவும் ஊற்று நீரால் ஆன ஆறுதான். வெயில் காலத்தில் நீருக்கடியில் பாசி போன்ற ஒரு செடி சின்னச் சின்ன வெள்ளைப் பூக்களாகப் பூத்திருக்கும். நீர் வருடம் முழுவதும் பத்து, பதினொரு டிகிரியை ஒட்டியே இருப்பதால்தான் அந்தச் செடி அங்கே தங்குகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை இதே ஆற்றில் சால்மன் மீன்கள் கடலிலிருந்து ஏறி வரும். கரையிலேயே ஒரு பொரிப்பகம் இருக்கிறது. அங்கே மீனைப் பிடித்து, முட்டையெடுத்து, குஞ்சு பொரித்து ஆற்றில் விடுகிறார்கள். ஜப்பான் முழுவதும் சமீப ஆண்டுகளில் சால்மன் வரத்து மிகவும் குறைந்துவிட்டது. அக்டோபரில் போனால் மீன்கள் நெரிசலாக ஏறி வரும் காட்சியை எதிர்பார்க்காதீர்கள். சில மீன்களாவது கண்ணில் படலாம்.

அடுத்தது கடற்கரை. ஃபுகுராவுக்கு வடக்கே கமயிசோ என்ற சின்னக் கடற்கரை. கரிய எரிமலை மணல், இரண்டு பக்கமும் கடலுக்குள் போய் நிற்கும் பாறை. அலை பின்வாங்கும் நேரத்தில் மணலைக் கவனித்துப் பாருங்கள். ஆங்காங்கே மணல் கொதிப்பதுபோல் குமிழியிடும். அத்தனையும் நல்ல தண்ணீர். குனிந்து நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்பு கரிக்காது. பாதம் வைத்தால் கோடையிலும் சில்லென்று இருக்கும். நிலத்தடி நீர் கடலில் கலப்பது உலகின் பல கரைகளில் நடக்கிற விஷயம்தான், ஆனால் அதைக் கருவி இல்லாமல் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் இடங்கள் குறைவு. எங்கள் துறை மாணவர்களை நான் கூட்டிக்கொண்டு போகிற இடம் இது. ஒருவரும் மண்டியிட்டு மணலைத் தொட்டுப் பார்க்காமல் வந்ததில்லை.

இன்னும் கொஞ்சம் வடக்கே மேகா என்ற மீனவக் குடியிருப்பு. அங்கே ஊருக்குப் பொதுவான ஊற்று ஒன்று ஆறு தொட்டிகளாகப் படிப்படியாக இறங்குகிறது. மேல் தொட்டி குடிக்க. அதற்கடுத்தது காய், பழங்களைக் குளிர வைக்க. அப்புறம் கடற்பாசியும் காய்கறியும் அலச, கீழே துணி துவைக்க. எந்தத் தொட்டியில் எதைச் செய்யலாம் என்பது தலைமுறைகளாக எல்லோருக்கும் தெரியும். நீங்கள் போகும் நேரத்தில் ஒரு பாட்டி அங்கே கீரை அலசிக்கொண்டிருக்கலாம். வணக்கம் சொல்லிவிட்டு, மேல் தொட்டியில் மட்டும் குடித்துப் பாருங்கள். அது இன்றும் புழங்குகிற ஊற்று, அதனால் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம்.

சிப்பி பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் யூசா என்றாலே ஜப்பானியர் பலருக்கு நினைவுக்கு வருவது அதுதான். இங்கே கிடைப்பது பாறைச் சிப்பி. மற்ற ஊர்களில் குளிர்காலத்தில் சாப்பிடும் வகையிலிருந்து இது வேறு, இதன் பருவம் கோடை. ஜூனிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை மூழ்கி எடுத்து வருவார்கள். ஃபுகுராவில் நெடுஞ்சாலையோர ஓய்விடத்தில் கண்ணெதிரே உடைத்துக் கொடுப்பார்கள். கை அகலத்துக்குச் சதை இருக்கும். கடலடியில் ஊறும் மலைத் தண்ணீரால்தான் இத்தனை ருசி என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். இதில் உறுதியானதையும் சந்தேகமானதையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். கடலடியில் நன்னீர் ஊறுவது உறுதி. அந்த நீர் எரிமலைப் பாறையிலிருந்து சத்துகளைக் கரைத்துக் கொண்டுவருவதும் உறுதி. ஆனால் ஒரு சிப்பியின் ருசியில் அதற்கு எவ்வளவு பங்கு, நீரோட்டத்துக்கும் பாறைத் தரைக்கும் எவ்வளவு பங்கு என்பதை யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஊர்க்காரர்கள் சொல்வதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன், நிரூபிக்கப்பட்டது என்றும் சொல்ல மாட்டேன்.

இந்தத் தண்ணீரின் மேல் ஊருக்கு உள்ள பிடிப்பு வெறும் பெருமைப் பேச்சு இல்லை. மலையடிவாரத்தில் கல் குவாரி விரிவடைந்தபோது ஊற்றுகள் கெட்டுவிடும் என்று அஞ்சிய யூசா, 2013இல் நீர்ச் சுழற்சியைக் காக்க ஒரு உள்ளூர்ச் சட்டம் இயற்றியது. குவாரி நிறுவனம் வழக்குப் போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2022இல் ஊரின் பக்கம் தீர்ப்பானது. பதின்மூன்றாயிரம் பேர் உள்ள ஓர் ஊர் தன் ஊற்றுக்காக அத்தனை ஆண்டுகள் நீதிமன்றப் படியேறி நின்றது என்பதை மனதில் வைத்துக்கொண்டு அந்தக் குளத்தைப் பாருங்கள். நான் ஒவ்வொரு முறையும் அப்படித்தான் பார்க்கிறேன்.

தண்ணீரை விட்டு விலகி ஒரே ஓர் இடம் சொல்கிறேன். ஃபுகுரா கரையில் பதினாறு அர்ஹத்துகள் பாறை. அர்ஹத்துகள் என்றால் ஞானம் அடைந்த புத்தரின் சீடர்கள். இங்கே கடல் எத்தனையோ மீனவர்களை விழுங்கியிருக்கிறது. அவர்களுக்காக உள்ளூர் பௌத்தக் கோயிலின் துறவி கன்காய் 1864இல் கரைப் பாறைகளில் உருவங்கள் செதுக்க ஏற்பாடு செய்தார். பக்கத்து நகரமான சகாட்டா வரை போய்ப் பிச்சை எடுத்துப் பணம் சேர்த்து, கல் தச்சர்களை வைத்து 1868இல் முடித்தார். அர்ஹத்துகளோடு புத்தரும் போதிசத்துவர்களும் சேர்த்து மொத்தம் 22 உருவங்கள். மூன்று ஆண்டு கழித்து அவர் அதே கடலில் தன்னை ஒப்புக்கொடுத்துவிட்டார். அலையும் உப்பும் முகங்களை மெல்ல அரித்துக்கொண்டிருக்கின்றன. மாலையில் சூரியன் கடலில் இறங்கும்போது போங்கள், சாய்ந்த வெளிச்சத்தில்தான் செதுக்கல் தெளிவாகத் தெரியும். நடுப்பகலில் எது பாறை, எது முகம் என்றே பிரித்தறிவது கடினம்.

சரி, போகும் வழி. டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயில் பிடித்து இரண்டு மணி நேரத்தில் நீகாட்டா. அங்கே இனாஹோ விரைவு ரயிலுக்கு மாறி, இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் கடலோரமாகவே சகாட்டா. இடது பக்க ஜன்னல் இருக்கை கேட்டு வாங்குங்கள், கடல் அந்தப் பக்கம்தான். சகாட்டாவிலிருந்து உள்ளூர் ரயிலில் கால் மணி நேரத்தில் யூசா, அதற்கு அடுத்த நிலையம் ஃபுகுரா. அவசரம் என்றால் டோக்கியோவின் ஹனேதா விமான நிலையத்திலிருந்து ஷோனாய் விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம்தான். உள்ளூர் ரயில் அடிக்கடி கிடையாது, ஒன்றை விட்டால் நீண்ட நேரம் காத்திருக்க நேரும். பலத்த காற்று அடித்தால் இந்தக் கடலோரப் பாதையில் ரயிலே நின்றுவிடும். 2024 ஜூலை 25 அன்று யூசாவிலும் சகாட்டாவிலும் பெய்த பெருமழை ஆறுகளைக் கரை மீற வைத்தது. ஆகவே டோக்கியோ விமானத்துக்கு முந்தின நாள் வரை இங்கே தங்காதீர்கள். ஒரு நாள் இடைவெளி இருக்கட்டும்.

கார் இல்லாமலும் ஃபுகுராவைச் சுற்றியுள்ள இடங்களை நடந்தே பார்க்கலாம். ஆனால் இரண்டாம் நாளுக்குச் சகாட்டாவிலோ விமான நிலையத்திலோ கார் எடுப்பதுதான் நல்லது. இந்தியாவில் தரப்படும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி, 1949 ஜெனீவா உடன்படிக்கையின் கீழ் ஜப்பானில் செல்லும். ஓட்டுவதும் நம் ஊர் மாதிரி இடப்பக்கமே. கார் இருந்தால் சோகாய் புளூ லைன் என்ற மலைப்பாதையில் ஏறலாம். கடல் மட்டத்திலிருந்து கொஞ்ச நேரத்தில் ஆயிரம் மீட்டருக்கு மேல் போய், அந்தப் பக்கம் அகிதா மாநிலத்தில் இறங்கிவிடும். குளிர்காலம் முழுவதும் மூடியிருக்கும், ஏப்ரல் கடைசியில் பனியைச் சுவராக வெட்டித் திறப்பார்கள். திறக்கும் தேதி வருடத்துக்கு வருடம் மாறும், திறந்த பிறகும் இரவில் மூடுவது உண்டு. இறங்கும் பக்கத்தில் நிகாஹோ ஊரில் இன்னொரு தண்ணீர் விஷயம் இருக்கிறது. மலை நீர் நெல்லுக்கு மிகக் குளிர்ச்சி என்பதால், 1927இலேயே அகலமான, ஆழமில்லாத வாய்க்கால்களைப் படிப்படியாகக் கட்டி, வெயிலில் நீரைச் சூடாக்கி வயலுக்கு விட்டார்கள். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்கள் அதைப் பார்க்காமல் வரக்கூடாது.

உச்சிக்கு ஏற நினைத்தால் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள். ஹோகோதாதே என்ற, மலையேற்றப் பாதை தொடங்கும் இடத்திலிருந்து போய்வர எட்டுப் பத்து மணி நேரம் பிடிக்கும். ஜூனில் பாதையில் பனிப்படுகைகள் குறுக்கிடும், கடலிலிருந்து எழும் மேகம் அரை மணியில் எல்லாவற்றையும் மூடிவிடும். முறையான காலணியும் பழக்கமும் இல்லாமல் வேண்டாம். பாதை தொடங்கும் இடத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்து பள்ளத்தாக்கைப் பார்த்துத் திரும்பினாலே நிறைவாக இருக்கும். காட்டுப் பாதை எதுவானாலும் பையில் ஒரு மணி கட்டிக்கொள்ளுங்கள். வடகிழக்கு ஜப்பானில் கரடித் தொல்லை கூடிவிட்டது. 2023 நிதியாண்டில் நாடு முழுவதும் கரடியால் தாக்கப்பட்டவர்கள் 200 பேருக்கு மேல். அக்டோபரில் குளிர்கால உறக்கத்துக்கு முன் இரை தேடி அலையும், அந்த மாதம் கூடுதல் கவனம் வேண்டும். விடுதியில் அன்றைய எச்சரிக்கையைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

மொழி பற்றிய கவலையைப் பெரிதாக்க வேண்டாம். கைப்பேசியில் மொழிபெயர்ப்புச் செயலி போதும். இங்கே ஆங்கிலம் அரிது, ஆனால் பொறுமை தாராளம். ரொக்கம் மட்டும் மறக்காமல் வைத்திருங்கள், சில்லறையாகவே. சின்ன நிலையங்களில் ஆளே இருக்க மாட்டார்கள், சின்னக் கடைகளில் அட்டை செல்லாது. விடுதியில் இரவுச் சாப்பாடு ஆறு, ஆறரை மணிக்கே பரிமாறிவிடுவார்கள். அந்த நேரத்துக்குள் போய்ச் சேருவது மரியாதை. நேரம் கழித்து வெளியே போய்ச் சாப்பிடலாம் என்றால் திறந்த கடை கிடைப்பது சிரமம்.

உங்கள் மனைவியின் சாப்பாடுதான் உண்மையான சிக்கல். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். காய்கறி மட்டும் போட்ட சூப்பிலும், கீரை மேல் ஊற்றும் சாற்றிலும், நூடுல்ஸ் குழம்பிலும் மீன் சாறு இருக்கும். சமைப்பவர் அதை அசைவமாகவே நினைப்பதில்லை. ஆகவே “சைவம்” என்று மட்டும் சொன்னால் போதாது. “இறைச்சி, மீன், மீன் சாறு மூன்றும் வேண்டாம், முட்டையும் பாலும் பரவாயில்லை” என்பது போல விவரமாக, முன்பதிவு செய்யும்போதே எழுதிக் கேளுங்கள். அந்த இடத்தில் போய்ச் சொன்னால் அவர்களுக்கு ஒன்றும் செய்ய முடியாமல் தர்மசங்கடமாகிவிடும். முடியாது என்று பதில் வந்தால் இரவு உணவில்லாத அறையாக எடுத்துவிடுங்கள். சோறு பற்றிக் கவலையே வேண்டாம், ஷோனாய் சமவெளி ஜப்பானின் பேர்பெற்ற நெல் வயல். இங்கே விளையும் த்சுயாஹிமே அரிசியில் வடித்த சுடுசோற்றுக்குக் கையோடு கொண்டுபோகிற பருப்புப்பொடியும் ஊறுகாயும் போதும் என்பது என் அனுபவம். ஒரு வேளை முழுச் சைவ விருந்து சாப்பிட ஆசை இருந்தால், தெற்கே ஹகுரோ மலையில் யாத்திரிகர்களுக்கான மடங்களில் துறவியர் முறையில் சமைத்துப் போடுவார்கள். மலைக்கீரை, எள்ளு டோஃபு, காளான் என்று அருமையாக இருக்கும். அங்கேயும் மீன் சாறு சேர்ப்பதுண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஜூனா, அக்டோபரா என்று கேட்டிருந்தீர்கள். அக்டோபரில் மலையில் இலைகள் சிவக்கும், அறுத்த வயல்களில் அன்னங்கள் வந்து இறங்கத் தொடங்கும். அதுவும் அழகுதான். ஆனாலும் நான் ஜூன் முதல் பத்து நாட்களைத்தான் சொல்வேன். நடவு முடிந்து வயலெல்லாம் நீர் நிற்கும், அதில் பாதி பனியோடு மலை தலைகீழாகத் தெரியும். ஊற்றுகளுக்கு நீர் தரும் பனியும், அந்த நீர் பாயும் வயலும், அது போய்ச் சேரும் கடலும் ஒரே பார்வையில் அகப்படுவது அப்போதுதான். உங்களுக்குச் சிப்பியும் கிடைக்கத் தொடங்கியிருக்கும். ஜூன் நடுவில் மழைக்காலம் தொடங்கிவிட்டால் மலை நாள் கணக்கில் மேகத்துக்குள் போய்விடும். அதனால் தேதியைத் தள்ளிப் போடாமல் முதல் வாரத்திலேயே இரண்டு இரவுக்கு அறை எடுங்கள். ஒன்று ஃபுகுராவில், ஒன்று சகாட்டாவில். வானம் தெளிந்திருக்கும் நாளை மலைக்கும், மற்ற நாளை ஊற்றுகளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மருயிகேயை மழையிலும் பார்க்கலாம், மலையை அப்படிப் பார்க்க முடியாது.